சாயக்காரர் பேசாத கண்காட்சி

லண்டனில் இருந்த இந்திய அலுவலகத்தில் இந்திய விளைபொருள்கள் குறித்த அறிக்கையாளராகப் பணியாற்றிய ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், 1866ஆம் ஆண்டில் இந்தியத் துணிகளிலிருந்து வெட்டி எடுத்த 700 மாதிரித் துண்டுகளை 18 தொகுதிகளாகத் தொகுத்து, அத்தொகுப்பில் 20 படிகள் உருவாக்கி, 13 படிகளை பிரிட்டனிலும் 7 படிகளை இந்தியாவிலும் வைக்க ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு படியையும் ஒரு தொழில் அருங்காட்சியகம் என்றே அவர் கருதினார். லங்காஷயர் ஆலை முதலாளி ஒருவர் தம் ஊரை விட்டு நகராமலேயே இந்தியர் உடுத்தும் துணியைத் தொட்டுப் பார்த்து, அதைப் போலவே தம் ஆலையில் நெய்து இந்தியாவுக்கே விற்க வழிசெய்வதுதான் அந்த ஏற்பாட்டின் நோக்கம். இந்தியத் துணிகளைக் காட்சிக்கு வைக்கும் வழக்கத்தின் வேர்களில் ஒன்று இதுதான் என்பதை, இன்று அத்தகைய கண்காட்சிகளைப் பாராட்டுவோரும் நடத்துவோரும் மறந்துவிடக் கூடாது.

வணிக நோக்கத்தோடு செயல்பட்டாலும் வாட்சன் ஓர் உண்மையைத் துல்லியமாகக் கண்டுகொண்டிருந்தார். ஒரு துணியின் நீளம் அகலம் என்ன, கரை எந்தப் பக்கம் வருகிறது, முந்தி எவ்வளவு நீண்டிருக்கிறது, அதைத் தலையில் கட்டுவார்களா, இடுப்பில் சுற்றுவார்களா, தோளில் போடுவார்களா என்பதெல்லாம் தெரியாமல் நூலின் பருமனையும் நிறத்தையும் மட்டும் பார்த்து நெய்த துணியை இந்தியர் வாங்க மாட்டார்கள் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அதனால்தான் தொகுதிகளோடு அவர் வெளியிட்ட விளக்க நூலின் தலைப்பிலேயே துணி உற்பத்தியோடு இந்திய மக்களின் உடைகளும் சேர்ந்து இடம்பெற்றன. ஊரும் அளவும் குறிக்கப்பட்ட அந்தத் தொகுதிகளில், நெய்தவருக்கும் சாயமிட்டவருக்கும் மட்டும் இடம் இருக்கவில்லை. யார் எப்படி உடுத்தினார்கள், யார் எப்படிச் செய்தார்கள் என்ற இரண்டு கேள்விகளில் முதல் கேள்விக்கு விற்பனைக்காக விடை தேடப்பட்டது. இரண்டாவது கேள்வி கேட்கப்படவே இல்லை.

பிற்காலத்தில் நிலைமை பெரிதும் மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்பில் பிறந்த கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி, இந்தியத் துணிகளுக்கென்றே ஒரு நிறுவனம் வேண்டும் என்று சொன்ன கருத்தை ஏற்று, சாராபாய் குடும்பத்தினர் 1949இல் அகமதாபாத்தில் காலிகோ அருங்காட்சியகத்தைத் தொடங்கினர். 1980களில் மார்த்தாண்ட் சிங் முன்னின்று நடத்திய விஸ்வகர்மா கண்காட்சிகள் பழைய துணிகளைப் பார்வைக்கு வைத்ததோடு நிற்காமல், அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு நாட்டின் தேர்ந்த நெசவாளர்களையும் சாயக்காரர்களையும் புதிதாகச் செய்ய வைத்தன. கண்காட்சியே ஒரு பட்டறையாக மாறிய அரிய நிகழ்வு அது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2015இல் இந்தியத் துணி பற்றி நடத்திய பெருங்கண்காட்சியும், டொரன்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் 2020இல் இந்திய ஓவியத் துணிகளையும் அச்சுத் துணிகளையும் உலகை மாற்றிய துணி என்ற பெயரில் வைத்த கண்காட்சியும் இந்த வரிசையில் வருபவை. இவற்றிலெல்லாம் பெருமைக்குரிய இடம் பெற்ற ஒரு பொருள், தமிழர்களுக்கு மிக அருகில் பிறந்து தமிழர்களாலேயே பெரிதும் மறக்கப்பட்ட சீட்டித் துணி.

பருத்தித் துணியில் கையால் வரைந்தும் அச்சுக்கட்டையால் பதித்தும், துவைத்தாலும் போகாத வண்ணங்களில் உருவாக்கப்படும் பூ வேலைப்பாட்டுத் துணிக்குச் சீட்டி என்று பெயர். கலம் என்னும் பேனாவால் வரையப்படுவதால் கலம்காரி என்ற பெயரும் அதற்கு உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மசூலிப்பட்டினம் தொடங்கிப் பழவேற்காடு, சென்னை, சதுரங்கப்பட்டினம், புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் வரை சோழமண்டலக் கரையெங்கும் ஐரோப்பியக் கம்பெனிகள் கோட்டை கட்டிக் காத்திருந்ததற்குப் பருத்தித் துணியே முதன்மையான காரணம். அந்தக் கரையில் வாங்கிய துணியைக் கொடுத்துத்தான் இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க முடிந்தது. ஐரோப்பாவிலோ சீட்டி மோகம் உள்ளூர் நெசவாளரின் பிழைப்பையே அசைத்தது. பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டங்கள் இயற்றி 1774 வரை தடையைத் தொடர்ந்தது. 1719இல் லண்டன் தெருக்களில் பருத்திச் சீட்டி உடுத்திச் சென்ற பெண்களின் ஆடைகளை அந்நகர நெசவாளர்கள் கிழித்தெறிந்தனர்.

இத்தனை கலவரத்துக்கும் காரணமான துணி எப்படி உருவானது என்பதை நிதானமாகப் பார்ப்பது அவசியம். வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைக்கிறார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்து துணிக்குள் இறங்குகிறது, பாலின் கொழுப்பு பின்னால் வரையப்படும் கோடு பரவாமல் தடுக்கிறது. ஊசியால் துளையிட்ட காகிதத்தின் வழியே கரித்தூளைத் தட்டிப் பூவும் கொடியும் துணியில் இறக்கப்படுகின்றன. இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் புளிக்கவைத்து எடுத்த கரைசலை மூங்கில் பேனாவால் தொட்டுக் கோடு இழுத்தால், துணியில் ஏற்கெனவே இருக்கும் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்து அந்த நொடியே கோடு கருக்கிறது. சிவப்பு வேண்டிய இடங்களில் சாயத்தைப் பூசுவதில்லை, படிகாரக் கரைசலைத்தான் பூசுகிறார்கள். பிறகு முழுத் துணியையும் சாயவேர் போட்ட நீரில் காய்ச்சும்போது படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பை நிலையாகப் பற்றிக்கொள்ள, மற்ற இடங்களில் ஒட்டிய மங்கலான நிறம் சாணக் கரைசலில் ஊறி வெயிலில் காய்ந்து வெளுத்துவிடுகிறது. இப்படிச் சாயத்தைத் துணியோடு பிணைக்கும் பொருளுக்கு நிறமூன்றி என்று பெயர். பிறகு நீலம் வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்கி, மெழுகைக் கொதிநீரில் உருக்கி எடுக்கிறார்கள். கடைசியாக நீலத்தின் மேல் மஞ்சளைத் தீட்டினால் இலைகள் பச்சையாகின்றன. பழைய சீட்டிகளில் இலைகள் பல நீலமாகவே தெரிவதற்குக் காரணம், அந்த மஞ்சள் காலப்போக்கில் வெளிச்சத்தில் பறந்துவிட்டதுதான்.

இந்த வேதியியல் முழுவதும் ஏட்டில் எழுதப்படாமல், தண்ணீரின் குணமும் வேரின் வயதும் வெயிலின் கடுமையும் அறிந்த கைகளில் இருந்தது. சாயவேர் என்பது மணற்பாங்கான கடலோர நிலங்களில் வளரும் சிறு செடியின் வேர்; டச்சுக்காரர் ஆட்சியில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அதைத் தோண்டி எடுக்கும் வேலை குறிப்பிட்ட மக்கள் மேல் கட்டாயமாகச் சுமத்தப்பட்டிருந்தது. எனவே பாரிஸ் சீமாட்டியின் பாவாடையில் இருந்த சிவப்புக்குள் மூங்கில் பேனா பிடித்த ஓவியரோடு, மணலில் குனிந்து வேர் தோண்டியவரும், ஆற்றில் நின்று துணி அடித்தவரும், மெழுகு உருக்கியவரும் அடங்கியிருக்கிறார்கள்.

ஐரோப்பியர் இந்த அறிவைப் பெற்ற விதமும் துணி வரலாற்றின் ஒரு பகுதியே. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி போலியூ, 1734 அளவில் புதுச்சேரியில் ஒரு துணி தயாராவதைக் கட்டம் கட்டமாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டை வெட்டித் தம் குறிப்போடு இணைத்து வைத்தார். அந்தக் கையெழுத்துப்படி பாரிஸில் உள்ள தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் துணித் துண்டுகளோடு இன்றும் இருக்கிறது. சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை முன்னதாகவே கவனித்தவர் என்று மொழியியலாளர் போற்றும் ஏசுசபைப் பாதிரியார் கேர்தூ, 1742இல் எழுதிய கடிதத்தில், கிறித்தவத்தைத் தழுவிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்த முறையை விரிவாகப் பதிவுசெய்து பிரான்ஸுக்கு அனுப்பினார். போலியூவின் பெயரும் கேர்தூவின் பெயரும் நூல்களில் நிலைத்துவிட்டன. கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாக விடை சொன்ன சாயக்காரர்களில் ஒருவருடைய பெயர்கூட அந்த அளவுக்கு அறியப்படவில்லை. அறிவைக் கொடுத்தவர் தகவலாளியாகவும் எழுதிக்கொண்டவர் அறிஞராகவும் ஆகிவிடும் இந்த வழக்கத்தைத் துணி பற்றிய கண்காட்சியும் சொற்பொழிவும் இன்றுவரை முழுமையாகக் கைவிடவில்லை.

கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்ட துணி தானாக எதையும் சொல்லாது என்பது இங்கு முக்கியமானது. கல்சிலையைச் சுற்றி வந்து பார்க்கலாம், செப்புக் காசைப் பெரிதாக்கிப் படிக்கலாம். துணியோ தொடுவதற்கும் மடிப்பதற்கும் உடலில் சுற்றுவதற்கும் பிறந்த பொருள், அருங்காட்சியகத்தில் இந்த மூன்றுமே தடைசெய்யப்பட்டவை. வெளிச்சமும் அதற்குப் பகை. ஒளியின் அளவைக் குறிக்கும் லக்ஸ் கணக்கில் 50ஐத் தாண்டக் கூடாது என்பது பழந்துணிகளுக்குப் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் விதி என்பதால், அவை அரையிருளில் சில மாதங்கள் மட்டும் காட்டப்பட்டுப் பிறகு நெடுங்காலம் ஓய்வுக்கு அனுப்பப்படுகின்றன. பழைய சீட்டி ஒன்றை மிக அருகில் சென்று பார்த்தால் பூவிதழ்களின் சிவப்பு மங்காமல் இருக்க, அவற்றைச் சூழ்ந்த கருங்கோடு மட்டும் ஆங்காங்கே பொடிந்து, கோடு இருந்த இடத்தில் மெல்லிய பிளவு தெரியும். கோட்டைக் கருக்க வைத்த அதே இரும்புதான் நூற்றாண்டுகளாக மெல்ல மெல்லப் பருத்தி இழையை அரித்திருக்கிறது. இதை எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லாவிட்டால், பார்வையாளருக்கு அது பூச்சி அரித்த பழந்துணியாகவே தோன்றும்.

துணிக் கண்காட்சியில் சொற்பொழிவு இன்றியமையாதது என்பதற்கு இதுவே காரணம். ஆனால் எத்தகைய சொற்பொழிவு என்பதில் கவனம் வேண்டும். காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் உடலையும் வேறு நிறக் கரையையும் ஊடை இழைகளால் ஒன்றோடொன்று பிணைக்கும் கோர்வை முறையைப் பற்றி ஆய்வாளர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசலாம். மூன்று நாடாக்களோடு தறியில் உட்கார்ந்து, மறுபக்கக் கரையை உதவியாளர் கவனிக்க, எந்த இடத்தில் இழை தளர்ந்தால் கரை பிரியும் என்று நெசவாளர் காட்டும் ஐந்து நிமிடம் அதற்கு இணையாக நிற்கும். உடலின் பாவு முடிந்து முந்தியின் வேறு நிறப் பாவு தொடங்கும் இடத்தில் தடவினால் விரலுக்குத் தட்டுப்படும் மெல்லிய மேடு, இரண்டு பாவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நெய்யப்பட்டுப் பிறகு நறுக்கப்பட்டதன் அடையாளம் என்பதையும், அதற்குப் பிட்னி என்று பெயர் என்பதையும், அந்த வேலையைச் செய்தவர் சொல்லிக் கேட்பதே முறை. பேராசிரியருக்கு மேடையும் பொன்னாடையும் மதிப்பூதியமும் கொடுத்து, நெசவாளரை அரங்கின் மூலையில் தறியோடு உட்கார வைத்து வேடிக்கை காட்டும் நிகழ்ச்சிகள் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு நடத்தப்பட்டாலும் தவறானவை. இருவரும் ஒரே மேடையில், ஒரே மதிப்பூதியத்தில் பேசவேண்டியவர்கள்.

உடையின் வரலாறு இதைவிடச் சிக்கலானது. வெட்டித் தைத்த அங்கியை உருவபொம்மைக்கு மாட்டினால் அதன் வடிவம் ஓரளவு விளங்கும். தைக்காத சேலையும் வேட்டியும் உடுத்துபவரின் கையில்தான் உடையாகின்றன; பேழையில் விரிக்கப்பட்டால் அவை திரும்பவும் வெறும் துணியாகிவிடுகின்றன. பின்கொசுவத்துக்கும் மடிசாருக்கும் உள்ள வேறுபாட்டில் சாதி, தொழில், வட்டாரம், திருமணமான நிலை அனைத்தும் பொதிந்திருக்கின்றன என்பதை எந்த முந்தியும் காட்டாது. தமிழகத்தில் நெடுங்காலம் ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் ஷாந்தால் புலாஞ்சே, சேலை கட்டும் முறைகள் நூற்றுக்கு மேல் இருப்பதைக் களத்தில் கண்டு, ஒவ்வொன்றையும் படம் வரைந்து 1997இல் நூலாக்கினார். கட்டும் முறைகள் பல அன்றைக்கே மூதாட்டிகளின் நினைவில் மட்டும் தங்கியிருந்த காலத்தில் செய்யப்பட்டதால், அது அருங்காட்சியகம் ஒன்று செய்திருக்க வேண்டிய பணி.

ஒரே துணி வேறு உடலில் வேறு உடையாகும் கதைகளையும் இந்த வரலாறு தாராளமாகத் தருகிறது. நெதர்லாந்தின் ஹிண்டலோப்பன் என்ற சிறு துறைமுக ஊரில் பெண்கள் சோழமண்டலச் சீட்டியில் நீண்ட மேலங்கி தைத்து அணிந்தார்கள். வீட்டில் இறப்பு நேர்ந்தால் சிவப்பைத் தவிர்த்து நீலமும் வெள்ளையும் கொண்ட சீட்டிக்கு மாறினார்கள். லேவார்டன் நகரிலுள்ள ஃப்ரீஸ் அருங்காட்சியகம் 2017இல் இவற்றைக் கண்காட்சியாக வைத்தது. 2021இல் அந்தச் சேகரிப்பு லண்டனுக்கும் சென்றது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் தொராஜா மக்கள் இந்தியத் துணிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் காத்துச் சடங்குகளில் மட்டும் வெளியே எடுத்தார்கள். இந்தியாவிலேயே கிடைக்காத மிகப் பழைய துணிகள் அங்கே பிழைத்திருந்ததற்கு அந்தப் பக்தியே காரணம்.

இவையெல்லாவற்றையும்விட நுட்பமானது நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களின் வழக்கம். சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆந்திரக் கரையிலும் நெய்யப்பட்டு மதராஸ் கைக்குட்டை என்ற பெயரில் ஏற்றுமதியான கட்டம்போட்ட பருத்தித் துணியை அவர்கள் இஞ்சிரி என்று அழைத்துத் தம் பிறப்புச் சடங்கிலும் இறப்புச் சடங்கிலும் பயன்படுத்தினார்கள். கலபாரிப் பெண்கள் அந்தத் துணியை விரித்து வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட இழைகளை மட்டும் சிறு கத்தியால் நறுக்கி, ஒவ்வொன்றாக உருவி எடுத்து, தமிழ், தெலுங்கு நெசவாளர் நினைத்தே பார்த்திராத புதிய கோலம் ஒன்றை அதே துணியில் கொண்டுவருவார்கள். பெலெதே பிதே, அதாவது வெட்டிய துணி, என்று அதற்குப் பெயர். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜோஆன் ஐக்கர், நைஜீரிய அறிஞர் டோன்யே எரெகோசிமாவுடன் சேர்ந்து இதை விரிவாக ஆராய்ந்தார். கடல் கடந்த ஒரு சமூகம் இழை இழையாகப் பிரித்துத் தன்னுடையதாக்கிக்கொண்ட தம் ஊர்த் துணியைப் பற்றி, அதை நெய்த குடும்பங்களின் வாரிசுகளுக்குத் தமிழில் சொல்ல இதுவரை போதிய முயற்சி இல்லை என்பது வருந்தத்தக்கது.

உடுத்தியவர்களைப் பேசும்போது உடுத்தத் தடுக்கப்பட்டவர்களையும் பேச வேண்டும். அரசவை அங்கியும் சரிகைத் தலைப்பாகையும் மட்டுமே உடை வரலாறு என்று காட்டும் கண்காட்சி பாதி உண்மையை மறைக்கிறது. திருவிதாங்கூர் அரசின் தென்பகுதியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் 1859இல் வெளியான அரச அறிவிப்பில்தான் ஒரு கட்டத்தை எட்டியது; அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு முழம் துணிக்காக அடிபட்டவர்கள், வீடிழந்தவர்கள் வரலாறு, எந்தப் பட்டுப் பீதாம்பரத்தின் வரலாற்றுக்கும் குறைந்ததன்று. அந்தப் பெண்களின் துணி எந்தப் பேழையிலும் இல்லாமல் போகலாம். அதற்குரிய இடத்தை வெறுமையாக விட்டாவது கண்காட்சி அதைச் சொல்லியாக வேண்டும்.

தமிழகத்தில் செய்யவேண்டியது எது என்பதற்குக் கொள்ளிடக் கரையில் உள்ள கோடாலிக்கருப்பூர் நல்ல எடுத்துக்காட்டு. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக அங்கே உருவான சேலையில், பருத்திப் பாவுக்கு இடையே சரிகையால் பூக்கள் நெய்யப்பட்டு, பிறகு மெழுகிட்டு வரைந்து சாயம் ஏற்றப்பட்டது. பருத்தி செங்கல் சிவப்பும் கறுப்புமாகச் சாயத்தைக் குடிக்க, சாயம் ஏற்காத சரிகை அடியிலிருந்து மங்கலாக ஒளிரும். நெசவும் ஓவியமும் சாயமும் ஒரே துணியில் கலந்த இந்தச் சாதனை, ஆதரித்த அரசு மறைந்ததும் 19ஆம் நூற்றாண்டோடு அற்றுப்போய், இன்று சில அருங்காட்சியகங்களில் எஞ்சிய சேலைகளாக மட்டும் இருக்கிறது. ஆனால் அந்த மரபின் ஓவியக் கை முற்றிலும் ஓயவில்லை. கோயில்களுக்கான தொம்பை என்னும் உருளைத் தொங்கல்களையும், வாசமாலைகளையும், மேற்கட்டித் துணிகளையும் வரையும் குடும்பங்கள் கும்பகோணத்துக்கு அருகில் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இருக்கின்றன. கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு கிடைத்தால் மட்டும் கை பிழைத்துவிடாது. அந்தக் கைக்கு வேலை வேண்டும், அந்த வேலையை அறிந்து மதிக்கும் மக்கள் வேண்டும்.

ஆகவே, சென்னை, தஞ்சாவூர், மதுரை போன்ற நகரங்களின் அருங்காட்சியகங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது தமிழ்நாட்டுத் துணிக்கென்று ஒரு கண்காட்சியை, தமிழில் எழுதப்பட்ட விரிவான விளக்கங்களோடு நடத்த வேண்டும். வெளிநாட்டுச் சேகரிப்புகளில் உள்ள சோழமண்டலத் துணிகளைக் கடனாகக் கொண்டுவருவதற்குப் பெரும்பணமும் நீண்ட பேச்சுவார்த்தையும் தேவைப்படலாம்; அவற்றின் துல்லியமான படங்களைக் காட்ட அத்தனை தடையில்லை. போலியூ 1734 அளவில் செய்ததை இன்று நல்ல நோக்கத்துக்காக மீண்டும் செய்யலாம்: கடுக்காய் ஏறிய துணி, கருங்கோடு விழுந்த துணி, சாயவேரில் காய்ச்சிய துணி, மெழுகு மூடிய துணி, அவுரியில் முக்கிய துணி என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு துண்டை இன்றைய சாயக்காரர்களைக் கொண்டு செய்வித்து, பேழைக்கு வெளியே, மாணவர்கள் தொட்டுப் பார்க்கும்படி வைக்கலாம். இம்முறை செய்தவர் பெயரும் ஊரும் துண்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அருங்காட்சியகங்கள் விழித்துக்கொள்ளும் வரை வீடுகள் காத்திருக்க வேண்டியதில்லை. பாட்டியின் கூறைப்புடவையோ தாத்தாவின் சரிகை வேட்டியோ உள்ள வீடுகளில், அதை நெகிழிப் பையிலிருந்து எடுத்து, துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஒரே மடிப்பில் சரிகை முறியாதபடி அவ்வப்போது மடிப்பை மாற்றி வைக்கலாம். அது யாருடையது, எந்த ஆண்டில் எந்த ஊரில் வாங்கியது, எப்படிக் கட்டினார்கள், என்ன விலை கொடுத்தார்கள், நெய்தவர் யார் என்பவற்றில் தெரிந்தவற்றை ஒரு தாளில் எழுதி அதனுடனேயே வைத்துவிட வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இருக்கும்போதே இன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.